ஹெப்பகோடியும் எல்லைச் சாலையும்

ஓர் ஊரின் செல்வம் எதில் உள்ளது என்று வினவினால், வயலில் என்பார் சிலர்; ஆலையில் என்பார் வேறு சிலர். ஹெப்பகோடியை ஒருமுறை கண்டவர் ‘சாலையில்’ என்றே விடை பகர்வர். அச்சாலை நடமாடும் வரையில் அவ்வூருக்கு வாழ்வு உண்டு; அது அடைபட்ட நாளில் அடுப்பும் அணைந்து விடுகிறது.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல், சங்க அன்பர் இருவருடன் நாம் அவ்வூருக்குச் சென்றிருந்தோம். ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை ஏறத்தாழ 19 கிலோமீட்டர் ஓடும் மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அத்தடத்தில் கடைசி நிலையத்துக்கு முந்தியது ஹெப்பகோடி. முன்னாளில் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் வியர்த்து நின்ற நாம், இன்று குளிர்ந்த வண்டியில் அமர்ந்தவாறே எலெக்ட்ரானிக் சிட்டியின் கண்ணாடி மாளிகைகளைக் கடந்து வந்து இறங்கினோம்.

ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் ஒரு காலத்தில் சிற்றூர், இப்பொழுது நகரசபை. பெருஞ்சாலையை ஒட்டி மருந்து ஆராய்ச்சிக் கூடங்கள் எழுந்து நிற்கின்றன. பொம்மசந்திரா தொழிற்பேட்டை தோளோடு தோள் உரசுகிறது. உள்ளே சில அடிகள் நடந்தாலோ, நெருக்கியடித்த மாடி வீடுகள், ஒற்றை அறைக் குடித்தனங்கள், மாவு அரைக்கும் கடைகள். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஹிந்தியும் ஒரே தெருக்குழாயில் நீர் பிடிக்கின்றன.

சாலையோரத்தில் பைகளுடன் நின்றவர்களைக் கண்டோம். வாரக் கடைசியில் ஊருக்குச் செல்பவர்கள் அவர்கள். இங்கிருந்து அத்திப்பள்ளி எல்லை ஏறத்தாழ 13 கிலோமீட்டர்; அதைக் கடந்தால் ஜூஜூவாடி, பிறகு ஓசூர். அங்கிருந்து கிருஷ்ணகிரிக்கோ தர்மபுரிக்கோ வேறு பேருந்து. ‘அயல் மாநிலத்தில் வேலை’ என்று நாம் பெரிதாகச் சொல்வது, அவர்களுக்குச் சோற்றுப் பொட்டலம் ஆறுவதற்குள் முடிந்துவிடும் பிரயாணம்.

அவர்களுள் ஒருவர், தையல் ஆலையில் பணிபுரியும் கிருஷ்ணகிரிப் பக்கத்து அம்மையார். பதினைந்து ஆண்டுகளாக இங்கே குடியிருப்பவர். “எல்லையால் உங்களுக்குத் தொல்லை உண்டா, அம்மா?” என்று கேட்டோம்.

“நல்ல நாளில் எல்லை எங்கே இருக்கிறதென்றே எங்களுக்குத் தெரியாது, ஐயா. கெட்ட நாளில்தான் தெரியும்” என்றார் அவர்.

அவர் குறிப்பிட்ட கெட்ட நாள் 2016ஆம் ஆண்டு செப்டம்பர் 12, திங்கட்கிழமை. தமிழகத்துக்குக் காவிரி நீர் திறந்துவிட உச்சநீதிமன்றம் ஆணையிட்டதை ஒட்டிப் பெங்களூரில் கலவரம் மூண்டது. தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிக்கப்பட்டன. நகரின் பல காவல் சரகங்களில் ஊரடங்கு உத்தரவு பிறந்தது. பேருந்துகள் எல்லையோடு நின்றுவிட்டபடியால், மக்கள் மூட்டைகளைத் தலையில் சுமந்து, குழந்தைகளைக் கையில் பிடித்து, அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடிக்கு நடந்தே சென்றனர்.

இந்த அம்மையார் நடக்கவில்லை, அறையிலேயே தங்கினார். கொத்து வேலை செய்யும் கணவருக்கு எட்டு நாள் கூலி இல்லை. ஆலை மூடிய நாள்களுக்கு இவருக்கும் சம்பளம் பிடிக்கப்பட்டது. வாடகைக்காக மூக்குத்தி அடகுக்குச் சென்றது. அதை மீட்க ஆறு மாதம் ஆயிற்று. “வீட்டுக்கார அம்மா கன்னடத்தார். ‘ஹெதரபேடம்மா’ என்று சொல்லி மூன்று நாளும் எங்களுக்குச் சோறு போட்டார். அதை நாங்கள் மறக்க மாட்டோம்” என்று கூறுகையில் அவர் குரல் தழுதழுத்தது.

அந்நாளில் கர்நாடகத்துக்கு ஏற்பட்ட இழப்பு 22,000 கோடி முதல் 25,000 கோடி ரூபாய் வரை இருக்கலாம் என அசோசாம் என்னும் வணிகச் சங்கம் மதிப்பிட்டது. அப்பெருந்தொகையில் மூக்குத்தியின் கணக்கு எங்கே இருக்கிறது? கம்பெனியின் நஷ்டம் அடுத்த மாதத்துப் பணியில் ஈடாகலாம். பேருந்துக்குக் காப்பீடும் இருக்கலாம். நாள் கூலியில் வாழ்பவனுக்குப் போன நாள் போனதே. எல்லையில் பதற்றம் எழும்போதெல்லாம் முதலில் விழுகின்ற அடி, கையிருப்பு இல்லாதவன் மேல் விழுகிறது. இதையே நாம் இப்பிரயாணத்தில் கற்றுக்கொண்டோம்.

இந்த எல்லை இன்று நேற்றுத் தோன்றியதன்று. வெள்ளையர் காலத்தில் ஓசூர், சென்னை மாகாணத்துச் சேலம் ஜில்லாவில் இருந்தது. அத்திப்பள்ளி மைசூர் மகாராஜாவின் சீமை. ஆற்று நீரைப் பற்றி இரு அரசுகளும் 1892லும் 1924லும் உடன்படிக்கை செய்துகொண்டன. ஆயினும் மக்களின் போக்குவரத்து நின்றதில்லை. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, கல்லூரிப் படிப்புக்குப் பெங்களூர் வந்தவரே அன்றோ! எழுபதுகளில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டையும், இப்பக்கம் எலெக்ட்ரானிக் சிட்டியும் தோன்றியபின் இரு கரையும் ஒரே தொழிற்பூமி ஆயின. ஓசூர் ரோஜாவும் ராயக்கோட்டைத் தக்காளியும் விடியுமுன் இச்சாலையில் வருகின்றன. இயந்திர உறுப்புகள் இரு திசையிலும் செல்கின்றன. லாரி ஒரு பகல் நின்றால் மலர் வாடும். இரு பகல் நின்றால் தக்காளி அழுகும். மூன்றாம் பகல் ஆலையில் உறுப்புத் தட்டுப்படும்.

ஆனால் அச்சம் அவ்வப்போது திரும்பி வருகிறது. நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியான 1991 டிசம்பரில் உயிர்கள் பலியாயின. ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் வீடு வாசலை விட்டு ஓடின. 2023 செப்டம்பர் 26ஆம் நாள் பெங்களூரிலும், 29ஆம் நாள் மாநிலமெங்கும் முழு அடைப்பு நடைபெற்றது. 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் இறுதித் தீர்ப்பு அளித்து, அதன்பின் மேலாண்மை ஆணையமும் அமைந்துள்ளது. எனினும் மழை பொய்க்கும் ஆண்டுகளில் மனங்களும் வறண்டு விடுகின்றன.

உலகில் எல்லையோரத்து மக்கள் யாவர்க்கும் இந்நிலை பொதுவே. பஞ்சாபின் அட்டாரியில் பாகிஸ்தானத்துச் சரக்கை இறக்கிப் பிழைத்த சுமைதூக்குவோரை எண்ணிப் பாருங்கள். 2019 பிப்ரவரியில் புல்வாமா தாக்குதலுக்குப்பின் இந்தியா அச்சரக்குகளுக்கு 200 சதவிகிதம் சுங்கவரி விதித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் பாகிஸ்தான் வாணிகத்தையே நிறுத்தியது. 2025 ஏப்ரலில் பஹல்காம் படுகொலையை அடுத்து அட்டாரி வாயிலும் மூடப்பட்டது. அரசுகளுக்கு அவரவர் நியாயம் இருக்கலாம். மூட்டை தூக்கிய தோளுக்கு அன்று முதல் வேலை இல்லை.

அங்கே வாயிலை அரசு மூடுகிறது. இங்கே வாயிலே கிடையாது. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபின் வணிக வரிச் சாவடிகளும் அகன்றன. இச்சாலையை மூடுவது சட்டம் அன்று, வதந்தியும் வெறுப்புமே. மனிதர் மூடுவதை மனிதரே மூடாமலும் இருக்கலாம் என்பதே நமக்குள்ள நம்பிக்கை.

ஆகவே நம் குடும்பங்கள் செய்யத்தக்கவை சில உண்டு. ஒரு மாதச் செலவுக்குரிய தொகையைச் சிறுகச் சிறுகவேனும் சேர்த்து வைத்தல் முதற்கடமை. வருங்கால வைப்பு நிதி எண்ணையும், ஈ.எஸ்.ஐ. அட்டையையும் செம்மையாக வைத்துக்கொள்ளுங்கள். அவை எல்லை தாண்டியும் பயன்படும். ‘ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை’ என்னும் திட்டத்தால், ஊர்க் குடும்ப அட்டைக்கு இங்கேயும் தானியம் பெற வழியுண்டு. கைப்பேசியில் வரும் கலகச் செய்தியை ஆராயாது பிறருக்கு அனுப்பாதீர்கள். நீங்கள் அனுப்பும் ஒரு படம் யாரோ ஒருவரின் எட்டு நாள் கூலியைப் பறித்துவிடக் கூடும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கன்னடம் கற்றுக்கொள்ளுங்கள். அது பிழைப்புக்கான மொழி மட்டுமன்று. ‘அஞ்சாதே’ என்று சொல்ல வரும் அண்டை வீட்டாரின் மொழியும் ஆகும்.

மாலையில் பேருந்தேறி அத்திப்பள்ளி வரை சென்றோம். எல்லை வளைவின் கீழ் லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. நம்முடன் வந்த அம்மையார் சாளரத்தின் வழியே நோக்கி, “ஐயா, எல்லை வந்துவிட்டது, பாருங்கள்” என்று சிரித்தார். நாம் பார்ப்பதற்குள் வண்டி அதைக் கடந்துவிட்டது.