வட்டக்கோட்டையில் ஒரு நாள்

துணையோடு செல்லும் பயணத்தில் பேச்சு மிகுதி. தனியே செல்லும் பயணத்தில் காட்சி மிகுதி. பேசுவதற்கு அருகில் ஆள் இல்லாதபோது மலையும் வயலும் கடலும் தாமே வந்து பேசத் தொடங்கும். திருநெல்வேலியைச் சேர்ந்த மாணவன் ஒருவன் இவ்வுண்மையைத் தன் பதினெட்டாம் வயதில் ஒருநாள் அறிந்துகொண்டான்.

அவன் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியிருந்தான். ஏனைய பாடங்களில் தேறியவன் கணிதத்தில் மட்டும் தவறிவிட்டான். அவன் தந்தையார் பாத்திரக் கடை ஒன்றில் கணக்கர். முப்பது ஆண்டுகளாகக் காசு பிசகாமல் பேரேடு எழுதி வருபவர். அத்தகையவரின் மகன் கணக்கில் தோற்றான் என்று தெருவில் சிலர் நகைத்தனர். தந்தையார் மகனை ஒரு சொல்லும் கடிந்து சொல்லவில்லை. அந்த மௌனமே மகனுக்கு வசையினும் கொடியதாக இருந்தது. இரண்டு வாரம் அவன் வீட்டு வாயிலைத் தாண்டவில்லை. துணைத்தேர்வுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. ஆயினும் கணிதப் புத்தகத்தை அவன் திறந்தான் அல்லன்.

ஒருநாள் இரவு உணவு முடிந்தபின் தந்தையார் அவனை அழைத்தார். “தம்பி, வட்டக்கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று சிறு வயதில் கேட்டுக்கொண்டே இருப்பாயே! நாளைக் காலை வண்டியில் போய், மாலை வண்டியில் திரும்பி வா” என்று கூறி வழிச்செலவுக்குப் பணம் கொடுத்தார்.

“தனியாகவா?” என்று அன்னையார் திடுக்கிட்டார்.

“தனியாகத்தான்” என்றார் தந்தையார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் விடியற்காலையில், வாழையிலையில் பொதிந்த இட்லியும் ஒரு புட்டித் தண்ணீரும் பையில் கனக்க, அவன் சன்னல் ஓரத்தில் இடம் பிடித்து அமர்ந்தான். வண்டி புறப்பட்டது. நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னோக்கி ஓடின. நிலம் செம்மண் நிறம் காட்டியது. பனைகள் வரிசை வரிசையாய் நின்றன. மேற்கே மகேந்திரகிரி முகில் போர்த்து நின்றது. வைகாசி மாதத்துக் கடைசி நாள்கள் அவை. மலைக்கு அப்பால் மழைக்காலம் தொடங்கிவிட்டமையால் கணவாய் வழியே காற்று சீறிப் பாய்ந்து வந்தது. காவல்கிணறு கடந்ததும் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் தம் நெடுங்கைகளை வீசிச் சுழன்றுகொண்டிருந்தன.

ஆரல்வாய்மொழி வந்தது. இருபுறமும் மலைகள் நெருங்கி நிற்க, நடுவே இயற்கை திறந்து வைத்த வாயில் அது. பாண்டி நாட்டிலிருந்து நாஞ்சில் நாட்டுக்குச் செல்வோர் பண்டு தொட்டு அவ்வாயில் வழியாகவே சென்றனர்; வணிகர் சென்றனர்; படைகளும் சென்றன. ஆதலால் திருவிதாங்கூர் மன்னர் அங்கே அரண் அமைத்துக் காவல் வைத்தனர். மலையடிவாரத்தில் தொடங்கிய அந்த அரண் வரிசை, தெற்கே கடலைத் தொடும் இடத்தில் ஒரு கோட்டையாக முடிந்தது. அக்கோட்டையே வட்டக்கோட்டை. ‘ஒரு கயிற்றின் தலைப்பு இது, மறுதலைப்பைக் காணவே நான் செல்கிறேன்’ என்று அவன் எண்ணினான். காவலர் நின்று மறித்த கணவாயை வண்டி ஒரு நொடியும் தயங்காமல் கடந்தது.

ஆரல்வாய்மொழிக்கு இப்பால் நிலத்தின் நிறமே மாறிற்று. செம்மண் மறைந்து பசுமை பரந்தது. குளங்களும் வாழைத் தோட்டங்களும் தென்னஞ்சோலைகளும் கண்ணைக் குளிர்வித்தன. தோவாளை நிலையத்தில் பூக்கூடைகளோடு சிலர் ஏறினர். பெட்டி முழுதும் பிச்சிப்பூ மணத்தது. நாகர்கோவிலைக் கடந்து வண்டி கன்னியாகுமரியை அடைந்தபோது இருப்புப் பாதையும் முடிந்தது; அதற்குமேல் செல்லத் தெற்கே நிலம் இல்லை. இந்நாள் எளிதாகத் தோன்றும் இப்பயணம் அவன் பாட்டியாரின் இளமையில் இயலாத ஒன்று. கன்னியாகுமரிக்கு 1979ஆம் ஆண்டில்தான் இரயில் வந்தது. திருநெல்வேலியையும் நாகர்கோவிலையும் இணைக்கும் பாதையில் 1981ஆம் ஆண்டில்தான் வண்டி ஓடத் தொடங்கியது.

வட்டக்கோட்டை குமரிமுனைக்கு வடகிழக்கே ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பேருந்தில் சென்று இறங்கி, தென்னை நிழலில் சிறிது தூரம் நடந்தான். திடீரெனக் கருங்கல் மதில் எதிரே எழுந்தது. ஏறத்தாழ 25 அடி உயரம்; கடலின் விளிம்பில் காலூன்றி நிற்கும் திண்மை. முதலில் அவன் வியந்தது வேறொன்று. பெயரோ வட்டக்கோட்டை, வடிவமோ நாற்கோணம்! பெயரை மட்டும் கேட்டு வருவோரை அக்கோட்டை முதற்பார்வையிலேயே நகைத்து வரவேற்கிறது.

உள்ளே நுழைந்தால் விரிந்த முற்றம். நிழல் தரும் மரங்கள். நடுவே படிக்கட்டுகள் இறங்கும் ஒரு குளம். உப்புக் கடலின் ஓரத்தில் வாழ்ந்த காவற்படைக்குக் குடிநீரே முதல் அரண் அன்றோ! மதிலின்மேல் ஏறப் படிகள் இல்லை. அகன்ற சாய்தளம் இருந்தது. பீரங்கிகளைப் படியில் ஏற்ற இயலுமா? உருட்டியன்றோ ஏற்ற வேண்டும்! அச்சாய்தளத்தின் வழியே அவன் மேலே சென்றான்.

மேலே நின்றபோது கண்கள் இமைக்க மறந்தன. கீழ்த்திசையில் எல்லையற்ற நீலக் கடல். மதிலின் அடியில் அலைகள் மோதி நுரைத்தன. கரையில் கருமணல் வெயிலில் மின்னியது. கனிமங்கள் கலந்த மணல் ஆதலின் அதற்கு அந்நிறம். மேற்கே திரும்பினால் தென்னைகளுக்கு அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைக்கோடி. மலை தன் நெடும்பயணத்தை முடித்து நிலத்தில் அமிழும் இடமும், நிலம் முடிந்து கடல் தொடங்கும் இடமும் ஒரே பார்வையில் அடங்கின. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வழியை அடைக்கவே அரண் எழுந்தது என்பது புத்தகம் இன்றியே அவனுக்கு விளங்கிற்று.

மதில் ஓரத்தில் முதியவர் ஒருவர் அமர்ந்து கற்களை உற்று நோக்கிக்கொண்டிருந்தார். மயிலாடியைச் சேர்ந்த சிற்பி அவர். சிலை வடிப்பதில் பெயர் பெற்ற அவ்வூரில் உளிபிடித்து முதுமை அடைந்தவர். பேரப்பிள்ளைகளோடு வந்திருந்தார். பிள்ளைகள் விளையாட, அவர் கல்லைப் படித்துக்கொண்டிருந்தார்.

“மக்களே, இந்த இடையில் ஒரு நகத்தை நுழைக்க முடிகிறதா, பாருங்கள்” என்று அவர் மாணவனை அழைத்துக் காட்டினார். பின்பு ஒரு கல்லில் பொறித்திருந்த மீன் வடிவைச் சுட்டினார். “இது பாண்டியர் சின்னம் என்பார்கள். பழைய அரண் ஒன்று இங்கே இருந்தது. பின்னால் வந்தவர்கள் பெரிதாக்கிக் கட்டினார்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள்.”

“கல் வெட்டும்போது பிழை நேர்ந்தால் என்ன செய்வீர்கள், ஐயா?” என்று மாணவன் கேட்டான். ஏன் அவ்வாறு கேட்டோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

முதியவர் சிரித்தார். “தூணுக்கு எடுத்த கல்லில் கீறல் கண்டால், அது தூணுக்கு ஆகாது, அவ்வளவுதான். அதற்காகக் கல்லே ஆகாது என்று எவனும் எறிந்துவிடமாட்டான். படிக்கு ஆகும், அம்மிக்கு ஆகும். எது எங்கே ஆகும் என்று பார்க்கத் தெரிந்தவனே கல்தச்சன், மக்களே.”

அவர் சென்றபின் மாணவன் மதில் நிழலில் அமர்ந்து உணவுப் பொதியை அவிழ்த்தான். வரலாற்றுப் புத்தகத்தில் ஒரே வரியில் படித்த செய்தி அப்போது நினைவுக்கு வந்தது: இக்கோட்டையை வலிமையாகக் கட்டியவர் டிலனாய்.

யார் அந்த டிலனாய்? டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்தலைவருள் ஒருவர். மிளகு வாணிகத்தைத் தம் கைக்குள் வைத்துக்கொள்ள விரும்பிய டச்சுக்காரர், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரோடு பகைத்துக் குளச்சலில் படையை இறக்கினர். 1741ஆம் ஆண்டில் அங்கே நிகழ்ந்த போரில் அவர்கள் தோற்றனர். முப்பது வயதும் நிரம்பாத டிலனாய் சிறைப்பட்டார். பிறந்த மண் கடலுக்கு அப்பால். நின்ற மண்ணோ பகைவர் மண். இதனினும் பெரிய தோல்வி ஒரு வீரனுக்கு உண்டோ?

மார்த்தாண்ட வர்மர் அவரைக் கொல்லவில்லை; இகழவும் இல்லை. ‘இவனுக்கு என்ன தெரியும்?’ என்று பார்த்தார். ஐரோப்பிய முறையில் படை பயிற்றவும், பீரங்கி வார்க்கவும், அரண் அமைக்கவும் டிலனாய்க்குத் தெரிந்திருந்தது. அவற்றைத் தம் படைக்குக் கற்பிக்கும் பணியை மன்னர் அவரிடமே ஒப்படைத்தார். நேற்றுவரை எதிர்த்து நின்றவரை நம்புவதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்! டிலனாயும் அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கவில்லை. உதயகிரியும் பத்மநாபபுரமும் வட்டக்கோட்டையும் அவர் மேற்பார்வையில் வலிமை பெற்றன. படிப்படியாக உயர்ந்து படைக்கே தலைவர் ஆனார். ‘வலிய கப்பித்தான்’ என்று மக்கள் அவரை மதிப்போடு அழைத்தனர். மார்த்தாண்ட வர்மருக்குப் பின் வந்த மன்னருக்கும் உழைத்து, 1777ஆம் ஆண்டில் இம்மண்ணிலேயே மறைந்தார். உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறை இன்றும் உள்ளது. அதில் இலத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது. வடக்கே அவர் அமைத்த நெடுங்கோட்டை, அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1789ஆம் ஆண்டின் இறுதியில் திப்பு சுல்தானின் முதல் தாக்குதலைத் தடுத்து நின்றது.

மாணவன் நீண்ட நேரம் கடலை நோக்கியிருந்தான். குளச்சலில் டிலனாய் இழந்தது ஒரு போரை, போர்க்கலையை அன்று. போர் அங்கேயே முடிந்தது. கலையோ அதன்பின் 36 ஆண்டுகள் அவரோடு வாழ்ந்தது. மன்னர் அந்த வேறுபாட்டைக் கண்டார். அதனால் ஒரு நாடு அரண் பெற்றது. மயிலாடிச் சிற்பி சொன்னதும் இதுவே. அப்போது அவனுக்குத் தந்தையாரின் முகம் நினைவுக்கு வந்தது. இரண்டு வாரமாக அவர் காத்த மௌனம் வெறுப்பினால் அன்று. தகுந்த சொல் கிடைக்காமையால். கிடைத்தபோது அது சொல்லாக வராமல் வழிச்செலவுப் பணமாக வந்தது. ‘தனியாகத்தான்’ என்றாரே! தோற்றவனை நம்பித் தனியே அனுப்புவது, எளிய கணக்கர் ஒருவரும் செய்யக்கூடிய அரசச் செயல் அன்றோ!

வெயில் சாய்ந்தது. அவன் மீண்டும் ஒருமுறை மதிலைச் சுற்றிவந்து விடைபெற்றான்.

மாலை வண்டியில் இடம் கிடைத்தது. நாகர்கோவில் பின்தங்கிற்று. பையிலிருந்து பென்சிலை எடுத்து, இட்லி பொதிந்த பழைய செய்தித்தாளின் ஓரத்தில் அவன் எதையோ எழுதத் தொடங்கினான். கோட்டையின் பரப்பு ஏறத்தாழ மூன்றரை ஏக்கர் என்று படித்திருந்தான். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. ஆக 1,52,460 சதுர அடி. சதுரம் என்று கொண்டால் ஒரு பக்கம் ஏறத்தாழ 390 அடி. சுற்றுமதில் 1,560 அடி. பெயருக்கு ஏற்ப வட்டமாகக் கட்டியிருந்தால்? ஆரம் ஏறத்தாழ 220 அடி. சுற்றுமதில் 1,383 அடி. அவன் இருமுறை சரிபார்த்தான். விடை மாறவில்லை. தலை நிமிர்ந்தபோது ஆரல்வாய்மொழியின் காற்றாலைகள் அந்தி ஒளியில் சுழன்றன. எல்லை காத்த மதில் இன்று எல்லை காக்கவில்லை. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நாஞ்சில் நாடு தமிழகத்தோடு இணைந்தது. கணவாயின் இருபுறமும் ஒரே மாநிலம் ஆயிற்று. மதிலின் வேலை முடிந்துவிட்டது. ஆயினும் அதைக் கட்டியவரின் அறிவு இன்னும் கல்லில் நின்று கற்பிக்கிறது.

அவன் வீடு சேர்ந்தபோது தந்தையார் திண்ணையில் காத்திருந்தார்.

“கோட்டை எப்படி இருந்தது, தம்பி?”

“பெயர்தான் வட்டம், அப்பா, வடிவம் நாற்கோணம். வட்டமாகக் கட்டியிருந்தால் அதே பரப்புக்கு ஏறத்தாழ 177 அடி மதில் மிச்சமாகியிருக்கும்.”

கணக்கர் செய்தித்தாள் துண்டை வாங்கி விளக்கின் கீழ் பிடித்தார். வரி வரியாகப் பார்த்தார். “கணக்குச் சரி” என்றார். பிறகு, “மிச்சம் ஆகும் என்று தெரிந்தும் ஏன் வட்டமாகக் கட்டவில்லை?” என்று கேட்டார்.

“வளைந்த மதிலின் அடியில் ஒளிந்து நிற்பவனை மேலிருப்பவன் காண முடியாது. நேர்மதில் என்றால், மூலையில் நிற்கும் ஒரு காவலன் ஒரு பக்கம் முழுவதையும் பார்ப்பான், அப்பா.”

தந்தையார் முகத்தில் இரண்டு வாரமாகக் காணாத ஒளி தோன்றியது. அவர் அந்தத் துண்டுத்தாளை மடித்துத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“துணைத்தேர்வு என்று, தம்பி?” என்றார்.

“இன்னும் இருபது நாள் இருக்கிறது, அப்பா” என்று கூறிவிட்டு, அவன் புத்தகத்தை எடுக்க உள்ளே சென்றான்.