ரிவால்வரும் வெம்பக்கோட்டையும்

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் நாம் பலமுறை பிரயாணம் செய்திருக்கிறோம். ரிவால்வர் வாங்குவது சம்பந்தமாக யோசனை கேட்கும் ஒரு மனிதருடன் போனது மட்டும் இதுவே முதல் தடவை.

நண்பர் வேட்டி கட்டுகிறவர். நெற்றியில் திருநீறு. தெருவில் நாய் குறுக்கே வந்தால் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் சுபாவம். அப்படிப்பட்டவர், வண்டி சிவகாசி எல்லையைத் தாண்டியதும், "ஒரு நல்ல கைத்துப்பாக்கி, சின்னதாக, தினமும் உடம்போடு வைத்துக்கொள்ளத் தக்கதாக, எது வாங்கலாம்?" என்று கேட்டபோது நாம் திடுக்கிட்டது வாஸ்தவம்.

காரணம் இல்லாமல் கேட்கவில்லை. வெம்பக்கோட்டைக்கு அப்பால் ஒரு சிறு பட்டாசு ஆலையில் அவருக்குப் பங்கு உண்டு. சனிக்கிழமை தோறும் வேலையாட்களின் வாரக் கூலியை ரொக்கமாக எடுத்துக்கொண்டு அவரே போகிறார். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை இருட்டிவிட்டது. மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர், விளக்கை அணைத்துவிட்டு, அணைக்கட்டு வரையில் பின்னாலேயே வந்தார்களாம். எதிரே ஒரு லாரி வரவும் திரும்பிப் போய்விட்டார்கள். வந்தவர்கள் திருடர்கள்தானா, வழி தெரியாதவர்களா என்பது இன்றுவரை தெரியாது. ஆனால் நண்பருக்கு அன்றுமுதல் சனிக்கிழமை என்றால் வயிற்றைக் கலக்குகிறது. வண்டியின் முன்பெட்டியில் லைசென்ஸ் விண்ணப்பத்தையும் வைத்திருந்தார்.

துப்பாக்கி விஷயத்தில் நமக்கு ஏட்டறிவு உண்டு, அவ்வளவுதான். அந்த ஏட்டறிவைத் தாராளமாகவே வழங்கினோம்.

நம் தேசத்தில் ஒரு சாதாரணப் பிரஜை ரிவால்வர் வாங்கப் புறப்பட்டால், எந்த அளவுக் குண்டு என்று அதிகம் யோசிக்கச் சட்டம் இடம் வைக்கவில்லை. .38, .455, 9 மில்லிமீட்டர் ஆகிய அளவுகளெல்லாம் விலக்கப்பட்டவை. படைகளும் போலீசாரும் உபயோகிக்கும் தோட்டா ஜனங்களின் துப்பாக்கியில் பொருந்திவிடக் கூடாது என்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வரும் ஜாக்கிரதை. மிஞ்சுவது முக்கியமாக .32. அதாவது பெயரளவில் அங்குலத்தை நூறு பங்காக்கினால் அதில் முப்பத்திரண்டு பங்கு விட்டமுள்ள குண்டு. 1896-ல் அமெரிக்காவில் புறப்பட்ட தோட்டா இது. இப்போது அதன் பெரிய புகலிடம் இந்தியாதான் என்று சொன்னால் மிகையாகாது.

கான்பூரிலுள்ள சர்க்கார் ஆயுதத் தொழிற்சாலை இந்த அளவில் நெடுநாளாக ரிவால்வர் செய்து வருகிறது. பழைய ஆங்கிலேய வெப்லி மாதிரியைப் பின்பற்றி, நடுவே மடக்கித் திறக்கும் அமைப்பு, ஆறு குண்டு, எடை ஏறக்குறைய 700 கிராம். 2014-ல் கான்பூரிலேயே 'நிர்பீக்' என்ற பெயரில் 500 கிராம் எடையுள்ள ஒன்று வெளியாயிற்று. டைட்டானியம் கலந்த உலோகம். டில்லியில் 2012-ல் நடந்த கொடுமைக்குப் பிறகு, ஸ்திரீகள் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும் என்று செய்தார்கள். அப்போதைய விலை 1,22,360 ரூபாய்! எந்த ஸ்திரீயின் கைப்பையை மனத்தில் வைத்துக்கொண்டு விலை போட்டார்களோ, நாம் அறியோம். 2023-ல் 'பிரபல்' என்று மற்றொன்று வந்தது. அதில் குண்டறை பக்கவாட்டில் வெளியே சாயும். தோட்டா மாற்றுவது சுலபம்.

"அப்படியானால் இலேசானதுதான் நல்லது. வேட்டி மடிப்பில் 700 கிராம் நிற்காதே!" என்றார் நண்பர்.

எடையைப் பற்றி அவர் சொன்னது சரி. ஆனால் இலேசான துப்பாக்கி சுடும்போது கையைக் கடுமையாக உதைக்கும். குழல் குட்டையானால் மடியில் மறைக்கலாம். குறி தவறுவதும் சுலபம். விசையை முழுதும் இழுத்துச் சுடும் ரிவால்வரில் ஒரு நன்மை உண்டு. ஒரு தோட்டா வெடிக்காமற் போனால் மறுபடி இழுத்தால் போதும், அடுத்த அறை வந்து நிற்கும், பிஸ்டலைப்போல் சிக்கிக்கொள்ளாது. இவ்வளவும் சரி. பழகுவது எங்ஙனம்? லைசென்ஸ் புத்தகத்தில் வருஷத்துக்கு இத்தனை தோட்டா என்று எண்ணி எழுதிக் கொடுப்பார்கள். சுடப் பழகாதவன் கையில் ரிவால்வர், நீந்தத் தெரியாதவன் இடுப்பில் கட்டிய அம்மிக்கல்லைப் போன்றது என்று நாம் சொன்னோம். நண்பருக்கு அந்த உபமானம் பிடிக்கவில்லை.

பேச்சு இப்படி நடந்துகொண்டிருக்கையில் இரு பக்கமும் கரிசல் காடு விரிந்தது. சீமைக் கருவேல், இடையிடையே வேம்பு, தனித்தனியே நிற்கும் பனை. அவற்றுக்கு நடுவே வெள்ளையடித்த சின்னஞ்சிறு அறைகள். முதல்முறை காண்கிறவர்கள், யாரோ வீடு கட்டத் தொடங்கி, ஒன்றோடொன்று சண்டையிட்டுக்கொண்ட வீடுகளைப் பிரித்து வைத்துவிட்டார்கள் என்று எண்ணக்கூடும். ஓர் அறை வெடித்தால் அடுத்த அறை பிழைக்கட்டும் என்பதற்காக விடப்பட்ட இடைவெளி அது. மழை குறைந்த இந்தப் பூமி பயிருக்கு ஆகாதது. அதே வறட்சிதான் தீக்குச்சிக்கும் பட்டாசுக்கும் வரமாக அமைந்தது.

தெற்கே கையைக் காட்டி, "ஏழாயிரம்பண்ணை அந்தப் பக்கம்" என்றார் வண்டியோட்டி.

ஏழாயிரம்பண்ணை என்ற பெயரைக் கேட்டதும் ரிவால்வர் பேச்சு வேறு பாதையில் திரும்பியது. 1799-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கும்பெனியார், பாஞ்சாலங்குறிச்சியோடு சேர்த்துப் பறித்த பாளையங்களில் ஏழாயிரம்பண்ணையும் ஒன்று. இரண்டு வருஷங்கழித்து, ஊமைத்துரையின் போரும் மருது சகோதரர்களின் போரும் அடங்கியபின், 1801 டிசம்பரில் சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். தென்பாளையங்களில் எவரும் ஆயுதம் வைத்திருக்கலாகாது. கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும். வேலும் வாளும் வல்லயமும் வீட்டுக்கு வீடு இருந்த சீமை இது. ஒரே காகிதத்தால் கை வெறுங்கையாயிற்று.

பிறகு 1878-ல் லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம். இந்தியன் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம். காட்டுப்பன்றியை விரட்ட ஒரு குடியானவன் கலெக்டர் கச்சேரியில் காத்துக் கிடக்க, நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரப் பையன் தோளில் துப்பாக்கியுடன் உலாவலாம். காங்கிரஸ் மகாசபை ஆரம்ப காலம் முதலே இந்தச் சட்டத்தைக் கண்டித்துத் தீர்மானம் போட்டு வந்தது. நாட்டை ஆண்மையற்றதாகச் செய்த சட்டம் என்று அக்காலத்துத் தலைவர்கள் மனம் புழுங்கினார்கள்.

அந்தப் புழுக்கத்தில்தான் 1911 ஜூன் 17-ந் தேதி மணியாச்சி நிலையத்தில் கேட்ட வெடிச்சத்தமும் பிறந்தது. செங்கோட்டை வாஞ்சிநாதன் கையில் இருந்தது ரிவால்வர் அல்ல. பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் சுடப் பழகியவர் அவர். ரயில் வண்டிக்குள் கலெக்டர் ஆஷ் மாண்டார். சில நிமிஷங்களில் அதே துப்பாக்கியால் வாஞ்சியும் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தச் செயல் தகுமா தகாதா என்பதைப் பற்றி இந்த நாட்டில் நூறு வருஷங்களுக்கு மேலாக வாதம் நடக்கிறது. நாமும் நண்பரும் அதை வண்டியில் தீர்த்துவிடவில்லை.

சுதந்திரம் வந்தபின் 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. வெள்ளையன் கறுப்பன் பேதம் தொலைந்தது, லைசென்ஸ் தொலையவில்லை. 2019-ல் திருத்தம் செய்து, ஒருவர் மூன்று துப்பாக்கி வைக்கலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். தேர்தல் வந்தால் பெரும்பாலோர் தம் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள நேரும்.

"தேர்தல் நாளில் திருடனும் தன் கத்தியை ஒப்படைப்பானோ?" என்று நண்பர் கேட்டார். நல்ல கேள்விதான்.

வெம்பக்கோட்டையை அடைந்தோம். ஊரின் பக்கம் வைப்பாறு. ஆற்றின் வடகரையில் விஜயகரிசல்குளத்து மேட்டுக்காடு. 2022 முதல் மூன்று கட்டமாக அங்கே அகழ்ந்து, தமிழ்நாடு தொல்லியல் துறையார் ஆயிரக்கணக்கான பொருள்களை எடுத்தார்கள். சங்கு வளையல், கண்ணாடி மணி, தந்தத்தாற் செய்த பகடைக்காய், சுடுமண் சில்லு, திமிலுள்ள காளை பொறித்த சூதுபவளம், பொன்னணிகள். அவற்றோடு, உள்ளங்கையில் அடங்கும் சிறுகற் கருவிகள். நகத்தளவுக் கல்லைச் சீவிக் கூர்மையாக்கி வைத்திருக்கிறார்கள். தினமும் உடம்போடு கொண்டுபோகத் தக்க சிறிய ஆயுதம் என்று நண்பர் கேட்டதற்கு இந்த மண்ணே ஒரு விடை வைத்திருக்கிறது என்று நாம் வேடிக்கையாகச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை, கூலிப் பணப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஆலை வாசலில் வண்டி நின்றது.

காவற்காரர் அறுபது வயதுக்காரர். நம்மைக் கண்டதும் ஒரு மரப்பெட்டியை நீட்டினார். தீப்பெட்டி, பீடி, லைட்டர், கைப்பேசி எல்லாம் அதில் போய்விட வேண்டும். முதலாளி என்றும் விருந்தாளி என்றும் பேதமில்லை. நம்மிடம் இருந்த பேனாக்கத்தியைக்கூட வாங்கி வைத்துக்கொண்டார். மருந்து கலக்கும் அறைப் பக்கம் போகிறவர் செருப்பையும் கழற்ற வேண்டும். பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும். வெயில் ஏறுவதற்குமுன் கலவை வேலையை முடித்துவிட வேண்டும். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கலாகாது. தரையில் ரப்பர் விரிப்பு. ஏனென்றால் ஓர் ஆணி தரையில் உரசினாலும் போதும்.

நண்பர் விளையாட்டாகக் கேட்பதுபோல், "அண்ணாச்சி, நான் ஒரு ரிவால்வர் கொண்டுவந்தால் இந்தப் பெட்டியில் வைத்துக்கொள்வீரா?" என்றார்.

காவற்காரர் சிரிக்கவில்லை. "குண்டு போட்டதா, போடாததா முதலாளி?" என்றார்.

"போட்டதுதான். போடாமல் எதற்கு?"

"அப்போ வாசலுக்கே வராதீங்க" என்றார் அவர்.

நண்பர் வாயடைத்து நின்றார். உள்ளே கொண்டுபோக முடியாது. வாசலில் காவற்காரர் வசம் விடலாமென்றால், லைசென்ஸ் இல்லாதவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவைப்பது குற்றம். வண்டியில் பூட்டிவைத்தால், ஆளில்லாத வண்டியில் நிறைத்த துப்பாக்கி. அதற்கு நூறு கஜத்தில் மருந்து அறை. யோசித்துப் பார்த்தால், பணத்தோடு அவர் போகும் இடமே அந்த ஆயுதம் போகத் தகாத இடம். இவ்வளவு எளிய விஷயம் நமக்கும் வழி நெடுகத் தோன்றவில்லை. குழல் எத்தனை அங்குலம், எடை எத்தனை கிராம் என்பதிலேயே புத்தி போய்விட்டது.

போர்மேன் எங்களைக் காகிதக் கேப் செய்யும் பகுதிக்கு அழைத்துச் சென்றார். தீபாவளிக்குக் குழந்தைகள் கையிலேந்தும் தகரத் துப்பாக்கிக்கு வேண்டிய ரோல் கேப்பும் பொட்டுக் கேப்பும் இங்கேதான் உருவாகின்றன. சிவப்புக் காகிதத்தில் கடுகளவு மருந்துப் பொட்டு. தீப்பெட்டியில் குச்சித் தலையிலே குளோரேட்டு, பெட்டிப் பக்கத்திலே சிவப்புப் பாஸ்பரஸ் என்று இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். இரண்டும் உரசும் கணத்தில்தான் தீப்பற்றும். கேப்பிலோ அவ்விரண்டும் ஒரே பொட்டில் கூடியிருக்கின்றன. ஈரமாக இருக்கும்வரை பயமில்லை. காய்ந்தபின் ஒரு தட்டுப் போதும்.

குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த வெடிமருந்தை 1992-ல் மத்திய சர்க்கார் தடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தத் தடையிலிருந்து விலக்குப் பெற்ற சில பொருள்களில், தீக்குச்சித் தலைக்குப் பக்கத்திலேயே விளையாட்டுத் துப்பாக்கியின் காகிதக் கேப்புக்கும் இடம் உண்டு. சட்டம் எழுதியவர் வீட்டிலும் குழந்தைகள் இருந்திருப்பார்கள்.

நிஜத் துப்பாக்கியின் கதையும் இதே பொட்டிலிருந்து தொடங்கியதுதான். 1807-ல் ஸ்காட்லாந்து தேசத்துப் பாதிரியார் ஒருவர், பார்சைத் என்று பெயர், சக்கிமுக்கிப் பொறியைக் கண்டு பறவைகள் பறந்துவிடுகின்றனவே என்ற குறையினால், தட்டினால் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கியில் வைக்க வழி கண்டு பேட்டண்டு வாங்கினார். இன்றைக்கு .32 தோட்டாவின் அடியில் இருப்பதும் தட்டினால் பற்றும் ஒரு துளி மருந்துதான்.

"இந்த அறையில் எத்தனை வருஷமாக வேலை?" என்று ஓர் அம்மாளை விசாரித்தோம்.

"பத்தொன்பது" என்றாள். கை நிற்கவில்லை. "எங்க அக்கா வேற ஆலையில இருந்தா. 2012-ல முதலிப்பட்டியில போயிட்டா."

2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டி விபத்தில் 40 பேரளவில் மாண்டார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். 2024 பிப்ரவரி 17-ந் தேதி இதே வெம்பக்கோட்டைப் பக்கத்தில் 10 பேர். உராய்வு என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதும். நண்பர் அந்த அம்மாளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அறையில் எத்தனை பேர் என்று எண்ணினார். ஐந்து. போர்மேனைக் கூப்பிட்டு ஐந்தாவது ஆளை அடுத்த அறைக்கு மாற்றச் சொன்னார். மருந்துத் தட்டு வாசற்படியை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதையும் நகர்த்தச் சொன்னார். அவர் குரல் அப்படி உயர்ந்து நாம் கேட்டதில்லை.

கூலிப் பட்டுவாடா மாலை நான்கு மணிக்கே முடிந்தது. வழக்கமாக ஆறரை ஆகுமாம். திரும்பும்போது அணைக்கட்டின்மேல் இன்னும் வெயில் இருந்தது. இனிமேல் பணத்தைப் பகலிலேயே கொண்டுவருவது, போர்மேனையும் உடன் ஏற்றிக்கொள்வது, முடிந்தவர்களுக்குப் பாங்கியில் போட்டுவிடுவது என்று நண்பர் தமக்குத்தாமே கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். விண்ணப்பத்தைப் பற்றி நாம் கேட்கவில்லை. அது முன்பெட்டியிலேயே இருந்தது.

சாத்தூர் வழியாகத் திரும்பினோம். பேருந்து நிலையத்தருகே வெள்ளரிப்பிஞ்சு கூடை கூடையாக வந்து இறங்கியிருந்தது. நண்பர் இறங்கிப்போய் ஒரு கூறு வாங்கி வந்தார். வெட்டித் தின்பதற்கு நம் பேனாக்கத்தியைத் தேடினோம். அது காவற்காரரின் மரப்பெட்டியிலேயே தங்கிவிட்டது.