கேட்கிறதா?

ஹனோய் பழைய நகரில், ஹாங் ஙாங் தெருவின் 48ஆம் எண் வீடு. வெளியே கடைகளும் மோட்டார் சைக்கிள் இரைச்சலும். 1945 ஆகஸ்ட் இறுதியில் இதன் மாடியில்தான் ஹோ சி மின் வியட்நாமின் விடுதலைப் பிரகடனத்தை எழுதினார்.

தொடக்கமே 1776ஆம் ஆண்டின் அமெரிக்கப் பிரகடனம். அடுத்து, பிரெஞ்சுப் புரட்சி தந்த மனித உரிமைப் பிரகடனம். எல்லாரும் பிறப்பால் சமம் என்று எழுதிவைத்த பிரான்ஸ்தான் எண்பது ஆண்டுக்கும் மேல் இவர்களை ஆண்டது. அதன் சொல்லையே எடுத்து அதன்முன் வைத்தார்.

மறுநாள் காலை பா தின் சதுக்கத்தில் நின்றேன். செப்டம்பர் 2 அன்று இங்கே பிரகடனத்தை வாசித்தவர், நடுவில் நிறுத்தி, தான் பேசுவது கேட்கிறதா என்று கூட்டத்தைக் கேட்டார். தினமும் மைக் முன்னால் நான் கேட்கும் அதே கேள்வி! கூட்டம் ஆமென்று முழங்கியது. பாரிஸ் கேட்டுக்கொள்ளவில்லை. அதிபர் ட்ரூமனுக்கு எழுதிய கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. 1946இல் போர் மூண்டது. பிரெஞ்சு ஆட்சி முடிய 1954 ஆனது.

தேர்வுக்காக மனப்பாடம் செய்த பிரெஞ்சுப் புரட்சி எனக்கு இங்கேதான் புரிந்தது. ஹனோய் போனால் ஏரிக்கரையோடு திரும்பிவிடாதீர்கள். சற்று நடந்து, அந்த மாடிப்படியையும் ஏறிப் பாருங்கள்.