மிளகு போட்ட ரம்மும் மூணு மாத்திரையும்

சளி பிடிச்சா உங்க ஊர்ல என்ன செய்வாங்க? எங்க மதுரைப் பக்கம் ரெண்டு வைத்தியம் உண்டு.

ஒண்ணு, தெருமுனை மெடிக்கலுக்குப் போய், "அண்ணே... சளி, காய்ச்சல், உடம்பு வலி. ஒரு நாளைக்குக் குடுங்க" என்று கேட்பது. அவரும் ஒரு மஞ்சள், ஒரு வெள்ளை, ஒரு கலர் என்று கத்திரியால் வெட்டி, சின்னக் கவரில் போட்டுத் தருவார். மாத்திரை பேரை நாமும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. இன்னொண்ணு, கல்யாண வீட்டிலும் காதுகுத்து வீட்டிலும் பெருசுகள் சொல்வது. "ரம்முல மிளகுத்தூளைப் போட்டு ஒரே மடக்கு மாப்ள... காலைல சளி பறந்துரும்!"

இந்த ரெண்டு வைத்தியத்தையும் ஒரே நாளில் செய்து பார்த்தவன் நான்.

2022 நவம்பர். மேலூரில் மாமா மகள் கல்யாணம். மூன்று நாளாகக் காய்ச்சல், மூக்கடைப்பு. சரியாகச் சாப்பிடவும் இல்லை. கவர் மாத்திரை காலையில் ஒரு செட், மதியம் ஒரு செட், சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு செட். ராத்திரி மண்டபத்துக்குப் பின்னால் இருந்த பெரிய மச்சான் என் மூக்கைப் பார்த்துவிட்டு, மிளகு போட்ட டம்ளரை நீட்டினார். ஒரு கட்டிங்தான். நான் குடிகாரன் எல்லாம் இல்லீங்க, எப்பவாவது விசேஷத்துல.

அப்போதுதான் அம்மா, முகூர்த்தப் பட்டுச்சேலையை மதுரை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்ததைக் கண்டுபிடித்தாள். முப்பது கிலோமீட்டர். நாலுவழிச் சாலை. "நான் போயிட்டு வாரேம்மா" என்று பைக்கை எடுத்தேன். துணைக்குத் தம்பி பின்னால் ஏறினான். காலேஜ் ரெண்டாம் வருஷம். அவன் ஒரு சொட்டு கூடக் குடிக்கவில்லை. லைசென்ஸ் இல்லாததால் அவனுக்கு வண்டி கொடுக்கவில்லை. என்ன ஒரு பொறுப்பு பாருங்க எனக்கு!

நான் தள்ளாடவில்லை. வாய் குழறவில்லை. நல்லாத்தான் இருக்கோம் என்று நம்பிக்கொண்டு போனேன். ஒத்தக்கடைக்குக் கொஞ்சம் முன்னால், யானைமலை கறுப்பாகத் தெரிந்தது நினைவிருக்கிறது. அடுத்த நினைவு, "ண்ணே... ண்ணே!" என்று தம்பி முதுகில் அடித்தது. கண்ணைத் திறந்தபோது வண்டி சாலையை விட்டு மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. பிரேக்கைப் பிடித்தேன். விழுந்தோம்.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. தம்பிக்கு வலது காறை எலும்பு முறிவு.

பெரியாஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் என் வாயருகே வந்ததுமே முகம் சுளித்தார். "எவ்வளவு?" என்றார். சொன்னேன். "வேற என்ன சாப்பிட்ட?" பாக்கெட்டிலிருந்த கவரை எடுத்து நீட்டினேன். மிச்சம் இருந்த மாத்திரைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இந்த மஞ்சள் என்னன்னு தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. "அப்ப எதுக்குத் தம்பி முழுங்குன?" பதில் இல்லை என்னிடம்.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். உங்களுக்கும் சொல்கிறேன், கேளுங்க.

அந்த மஞ்சள் மாத்திரை குளோர்பெனிரமைன். மூக்கு ஒழுகுவதற்கும் தும்மலுக்கும் கொடுப்பது. தும்மலைக் கிளப்புகிற ஹிஸ்டமின்தான் மூளைக்குள் நம்மை விழித்திருக்க வைக்கிற வேலையையும் பார்க்கிறது. இந்தப் பழைய தலைமுறை மாத்திரை மூளைக்குள்ளும் போய் அதைத் தடுப்பதால் தூக்கம் வருகிறது. ரத்தத்தில் பாதி அளவு குறையவே இதற்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். ஆக, நான் காலையில் போட்டது ராத்திரியும் உடம்பில் இருந்தது. மதியமும் சாயங்காலமும் போட்டது அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. மதுவும் மூளையை மந்தப்படுத்துகிற சரக்குதான். ரெண்டும் ஒரே பக்கம் இழுத்தால் என்ன ஆகும்? செட்டிரிசின் போன்ற புதிய மாத்திரைகளில் தூக்கம் குறைவு. ஆனால் மது சேர்ந்தால் அதையும் நம்ப முடியாது. கோடீன் கலந்த இருமல் டானிக் இன்னும் மோசம். மதுவோடு சேர்ந்தால் மூச்சே மெதுவாகிவிடும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு. அதைத் தாண்ட ஒரு கட்டிங்கே போதும். வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு மருந்து மயக்கத்தில் ஓட்டினாலும் அதே பிரிவுதான். போலீஸ் ஊதச் சொல்கிற மிஷினுக்குத்தான் மாத்திரை தெரியாது!

இனி வெள்ளை மாத்திரை. பாராசிட்டமால். இதைப் படித்தபோதுதான் எனக்கு நிஜமாகவே வயிற்றைக் கலக்கியது.

பாராசிட்டமாலில் பெரும்பகுதியைக் கல்லீரல் அழகாக வெளியேற்றிவிடும். ஒரு சின்னப் பங்கு மட்டும் விஷப்பொருளாக மாறும். குளுட்டாதையோன் என்ற ஒன்று அதை உடனே அடக்கிவிடும். தினமும் குடிப்பவர்களுக்கு அந்த விஷப் பங்கு கூடுதலாக உருவாகும். அடக்குகிற சரக்கோ கையிருப்பு குறைவு. காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்தால் இன்னும் குறையும். ஒரு மாத்திரை, ஒரு பெக் என்றால் எல்லாருக்கும் ஈரல் போய்விடும் என்று நான் பயமுறுத்த வரவில்லை. தினசரி பழக்கமும், கணக்குத் தெரியாமல் விழுங்குவதும் சேரும்போதுதான் வினை.

கணக்கு எப்படித் தப்பும்? 650 மில்லிகிராம் காய்ச்சல் மாத்திரை மூணு வேளை: 1,950. கலர் கலரான 'சளி மாத்திரை'க்குள்ளும் பெரும்பாலும் 500 பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். மூணு வேளைக்கு 1,500. மொத்தம் 3,450. ராத்திரி குடித்ததால் வந்த தலைவலிக்கு என்று இன்னொரு 650 போட்டால் 4,100. ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாள் உச்சவரம்பு 4,000 தான்! வழக்கமாகக் குடிப்பவர்களுக்கு 2,000-த்தைத் தாண்டாதே என்பார்கள் டாக்டர்கள்.

'அளவோடதானே போட்டோம்' என்று சொல்பவர்களுக்கு ஒரு அமெரிக்கக் கதை. ஆன்டோனியோ பெனெடி, சீனியர் புஷ் அதிபராக இருந்தபோது அவரிடம் உதவியாளராக வேலை பார்த்தவர். ராத்திரிச் சாப்பாட்டோடு மூணு நாலு கிளாஸ் ஒயின் அவர் வழக்கம். 1993 பிப்ரவரியில் ஃப்ளூ காய்ச்சல். டைலனால் மாத்திரையைச் சில நாள், அட்டையில் போட்டிருந்த அளவுக்குள்ளேயே சாப்பிட்டார். டைலனால் வேறொன்றுமில்லை, நம்ம பாராசிட்டமால்தான். நினைவிழந்து, ஈரல் செயலிழந்து, மாற்று ஈரல் வைத்துத்தான் பிழைத்தார். வழக்குப் போட்டார், 1994-ல் ஜூரிகள் சுமார் 88 லட்சம் டாலர் நஷ்டஈடு தரச் சொன்னார்கள். 1998-ல், தினம் மூணு 'டிரிங்க்' குடிப்பவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்று அட்டையில் எச்சரிக்கை போடும்படி அமெரிக்க அரசு உத்தரவிட்டது.

மூணு டிரிங்க் என்றால் ரொம்ப அதிகமோ என்று நினைக்காதீங்க. அவர்கள் கணக்கில் ஒரு டிரிங்க் என்பது 14 கிராம் ஆல்கஹால். நம்ம ஊர் குவாட்டர் ஒன்றில் சுமார் 60 கிராம். ஒரே பாட்டிலில் நாலு டிரிங்க் முடிந்துவிடும்!

இதில் இன்னொரு கொடுமை, ஈரல் உடனே சொல்லாது. முதல் நாள் கொஞ்சம் குமட்டல், அவ்வளவுதான். காய்ச்சலால் என்று நினைத்துக்கொள்வோம். வலது விலாவுக்குக் கீழே வலியும், கண்ணில் மஞ்சளும் ரெண்டு மூணு நாள் கழித்துத்தான் வரும். அசிட்டைல்சிஸ்டீன் என்று மாற்று மருந்து இருக்கிறது. அதிகம் விழுங்கிய எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாகக் கேட்கும். அதற்கு, என்ன மாத்திரை, எத்தனை என்று டாக்டரிடம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கவரில் பேர் இருக்காதே!

இப்போது நான் மெடிக்கலில் அட்டையோடுதான் கேட்கிறேன். பேர் இருக்கிற பக்கத்தை வெட்டாமல் தரச் சொன்னால் கடைக்காரர் முறைக்கிறார். முறைக்கட்டும்.

தம்பிக்கு அந்த செமஸ்டரில் ரெண்டு பேப்பர் எழுத முடியவில்லை. வலது கை தொட்டிலில் தொங்கியது. வீட்டில் யார் கேட்டாலும், "நாய் குறுக்கால வந்துருச்சு" என்றே சொன்னான். நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன், வெட்கமே இல்லாமல். அம்மாவிடம் உண்மையைச் சொல்ல எனக்கு நாலு மாதம் ஆனது. அம்மா திட்டவில்லை. அந்தப் பட்டுச்சேலையை மட்டும் அதற்கப்புறம் கட்டவே இல்லை.

போன தீபாவளிக்கு மேலூர் போயிருந்தோம். எனக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. பெரிய மச்சான் வழக்கம் போல, "மிளகு இருக்கு மாப்ள..." என்று ஆரம்பித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி சட்டைக் காலரை லேசாக விலக்கி, எலும்பு கூடின இடத்தில் புடைத்திருக்கும் மேட்டைச் சொறிந்தான். மச்சான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏத்தா, மாப்ளைக்கு ஒரு சுக்குக் காப்பி போடு!"