சத்தம் மாறிய வண்டி

என் மருமான் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். அவன் சம்பாத்தியத்தில் ஒரு பாதி வீட்டுக் கடனுக்குப் போகிறது. மறு பாதி ஒரு பழைய காருக்குப் போகிறது. இது அவன் மனைவி சொல்லும் கணக்கு. கார், 1985-ம் வருஷத்து மாஸ்டா ஆர்.எக்ஸ்-7. இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். மூன்றாவது ஆள் வந்தால் சங்கடம். போன மாதம் ஒரு ஃபோட்டோ அனுப்பியிருந்தான். காரின் முன்பக்கம் பல் பிடுங்கின வாய் மாதிரி வெறுமையாக இருந்தது. பக்கத்தில் மரப்பெட்டி மேல் ஓர் எஞ்சின். 2003-க்குப் பிறகு வந்த ஆர்.எக்ஸ்-8 காரிலிருந்து கழற்றியதாம். "மாமா, இதை அதுக்குள்ளே வைக்கப் போறேன்" என்று எழுதியிருந்தான்.

இது நமக்குப் பழக்கமான எஞ்சின் அல்ல. இதில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வருவது கிடையாது. மூன்று மூலையும் சற்றே உப்பின பக்கங்களும் கொண்ட ஒரு உலோகக் கட்டி, இடுப்பு சிறுத்த கூண்டு ஒன்றுக்குள் சுழன்றுகொண்டே இருக்கிறது. உள்ளே இழுப்பது, அமுக்குவது, வெடிப்பது, வெளியே தள்ளுவது எல்லாம் அந்தச் சுழற்சியிலேயே முடிந்துவிடுகின்றன. ஃபெலிக்ஸ் வாங்கெல் என்ற ஜெர்மானியரின் யோசனை. என்.எஸ்.யு. கம்பெனி 1957-ல் ஓட்டிப் பார்த்து, 1967-ல் ஆர்.ஓ-80 என்ற அழகான காரில் வைத்து விற்றது. மூலைகளில் உள்ள சீல்கள் சீக்கிரம் தேய்ந்து மானத்தை வாங்கின. வாங்கினவர்களில் பலர் அதைக் கழற்றிவிட்டு ஃபோர்டின் வி-4 எஞ்சினை வைத்துக்கொண்டார்கள். ஜப்பானில் மாஸ்டாக்காரர்கள்தான் விடாமல் அதைக் கட்டிக்கொண்டு அழுது, கடைசியில் கரை சேர்த்தார்கள். ஆகவே என் மருமான் செய்வது அந்நியக் கலப்பு அல்ல. ஒரே குடும்பத்தில் மூத்தது போய் இளையது வருகிறது.

ஆனாலும் தகராறு. பழையதற்குக் கார்புரேட்டர் போதும். புதியது கம்ப்யூட்டர் சொல்லாமல் ஒரு சொட்டுப் பெட்ரோல் குடிக்காது. புகை வெளியேறும் துவாரம் வேறு இடத்துக்குப் போய்விட்டதால் குழாயையும் புதிதாக வளைக்க வேண்டும். "எஞ்சினை வைக்கிறது சுலபம் மாமா. மத்ததுதான் உயிரை வாங்குது" என்று எழுதினான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இதே வாக்கியத்தை 1990-ல் திருத்தணியில் கேட்டிருக்கிறேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. சித்தப்பா டாக்ஸி வைத்திருந்தார். 1964-ம் வருஷத்து அம்பாஸடர், 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். மலைக்கு ஒரு நடை, அரக்கோணம் ஸ்டேஷனுக்கு ஒரு நடை, முகூர்த்த நாளில் கல்யாண வீடு, வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி. எங்கள் ஊர் 1960 ஏப்ரல் முதல் தேதிதான் ஆந்திராவிலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. அந்தப் பழைய உறவு நாக்கை விட்டுப் போகவில்லை. சித்தப்பா தமிழில் வாடகை சொல்லித் தெலுங்கில் குறைப்பார்.

அந்த எஞ்சினின் சத்தத்தில் அவருக்கு ஒரு மோகம். வாலிபத்தில் இரண்டு பஸ் மாறிப் போய், சோழவரத்துப் பழைய விமான மைதானத்தில் நடக்கும் கார்ப் பந்தயத்தை வேலியோரம் நின்று பார்த்துவிட்டு வருவாராம். தெருக்கோடியில் திரும்பும்போது காரணமில்லாமல் ஆக்ஸிலேட்டரை ஒரு அழுத்து அழுத்துவார். அதைக் கேட்டதும் சித்தி காப்பிக்கு அடுப்பை மூட்டுவாள்.

அந்த வருஷம் குவைத் சண்டையை ஒட்டிப் பெட்ரோல் விலை ஏறிற்று. டீசல் விலை அதில் பாதிகூட இல்லை. திருப்பதிக்குப் போய்வந்தால், பெட்ரோல் பங்குக்காரருக்குப் போக மிஞ்சியது ஓட்டல் இட்லிக்குக் காணும். சித்தப்பா ஒரு மாதம் யோசித்தார். பிறகு சித்தியின் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. விபத்தில் நொறுங்கின ஒரு மெட்டடார் வேனின் டீசல் எஞ்சின் மாட்டுவண்டியில் வந்து இறங்கிற்று. அம்பாஸடருக்கென்றே கம்பெனி செய்த டீசல் எஞ்சின் இல்லாமல் இல்லை. அதை வாங்க வளையல்கள் போதவில்லை.

பட்டறை ஒரு வேப்பமரத்தடி. மேஸ்திரி கிளையில் செயின் பிளாக்கை மாட்டி, பழைய எஞ்சினை அரைமணியில் தூக்கிவிட்டார். "அண்ணா, எஞ்சின் ஒண்ணுமில்லே. மத்ததுதான் பிராணனை எடுக்கும்" என்றார். அது சத்தியம். எஞ்சினுக்கும் அம்பாஸடர் கியர்ப் பெட்டிக்கும் நடுவே லேத்தில் கடைந்த இரும்புத் தட்டு ஒன்று வந்தது. தாங்கிகள் புதிதாக வெல்டு வைக்கப்பட்டன. ரேடியேட்டர் மாறிற்று. டீசல் எஞ்சின் பெட்ரோலைப் போலத் துள்ளிச் சுழலாது. ரோட்டில் வேகம் கிடைக்கவேண்டுமென்று பின்னச்சின் பல்சக்கரங்களையும் மாற்றினார். பளு தாங்காமல் வண்டியின் மூக்கு தாழ்ந்து, சதா யாரையோ நமஸ்கரிப்பது போல் நின்றது.

மேஸ்திரியைக் குறை சொல்ல நான் தயாரில்லை. 1985-ல் சென்னையிலேயே ஒரு பெரிய கம்பெனி, இங்கிலாந்தின் ரோவர் கார் உடம்புக்குள் அரதப் பழசான வான்கார்டு எஞ்சினின் வழிவந்த ஒன்றை வைத்து 'ஸ்டாண்டர்டு 2000' என்று விற்றது. பார்க்க ராஜா; ஏற்றத்தில் பரிதாபம். மூன்று நான்கு வருஷத்தில் கதை முடிந்தது. அவர்களுக்கு எஞ்சினீயர்கள் இருந்தார்கள். எங்கள் மேஸ்திரிக்கு வேப்பமரம்தான்.

முதல் கிருத்திகைக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனோம். நான் முன் சீட்டில். ஏறும்போது வண்டி யானை மாதிரி ஏறிற்று. சித்தப்பா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். இறங்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. இருபது வருஷமாக அவர் இரண்டாவது கியரில் போட்டு, பிரேக்கை அதிகம் தொடாமலே இறங்குகிறவர். இப்போது பின்னச்சு மாறிவிட்டதால், அதே இரண்டாவது கியரில் வண்டி நிற்காமல் ஓடிற்று. பிரேக்கோ 1964-ம் வருஷத்துப் பளுவுக்குச் செய்தது. இரண்டு வளைவு தாண்டியதும் கருகின நாற்றம் வந்தது. பின்னால் ஒரு கிழவி "முருகா" என்றாள். சித்தப்பா பேசவில்லை. வண்டியைப் பாறைப் பக்கமாக ஒடித்து, மட்காடை உரசவிட்டு, மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினார். எல்லோரும் இறங்கினோம். யாருக்கும் காயமில்லை. அவர் கை மட்டும் ஸ்டியரிங்கை விட்டு வர மறுத்தது. மொட்டை போட்டிருந்த ஒரு குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது.

அந்த ராத்திரி சித்தப்பா சாப்பிடவில்லை. மறுநாள் வண்டி மறுபடியும் வேப்பமரத்தடிக்குப் போயிற்று. பின்னச்சு பழையபடி ஆயிற்று. வேகம் போனால் போகட்டும் என்றார். சித்தியின் சங்கிலியும் வளையல்களைப் பின்தொடர்ந்தது.

பாக்கி இருந்தது ஆர்.சி. புஸ்தகம். அதில் பழைய எஞ்சின் நம்பரே இருந்தது. எழுதிக் கொடுத்து மாற்றவேண்டும் என்று அவருக்குத் தெரியும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டார். ஒரு நாள் திருப்பதி வழியில் வண்டியை நிறுத்தி நம்பரை ஒத்துப் பார்த்துவிட்டார்கள். பிரயாணிகளைத் தம் செலவில் பஸ் ஏற்றிவிட்டு, அபராதம் கட்டி, வண்டியோடு திரும்பினார். தப்பு அவருடையதுதான், அவரே அப்படித்தான் சொன்னார்.

பிறகு வண்டி சம்பாதித்தது. அடகு மீண்டது. டீசல் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றிற்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முதல் சில நாட்கள், தெருக்கோடியில் வண்டி திரும்பி வாசலில் வந்து நின்ற பிறகும் உள்ளே அடுப்பு எரியாது. "ஏதோ மெட்டடார் வேன்னு நெனச்சேங்க" என்பாள் சித்தி. சித்தப்பா பதில் சொல்லாமல் திண்ணையில் உட்காருவார். அதற்கப்புறம் திருப்பத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்துவதை விட்டுவிட்டார்.

பழைய எஞ்சினை எடைக்குப் போடவில்லை. கோணி சுற்றி மாட்டுக் கொட்டகையில் வைத்திருந்தார். 2014 மே மாதம் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாஸடர் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள் என்று பத்திரிகையில் வந்தபோது நான் ஊரில் இருந்தேன். சித்தப்பா என்னைக் கொட்டகைக்கு அழைத்துப்போய், கோணியை நீக்கச் சொன்னார். பிளக் துவாரங்களில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஹாண்டிலை மாட்டித் திருப்பினார். அசையாது என்று நினைத்தேன். மெதுவாகச் சுற்றிற்று.

மருமானுக்கு இதை எழுதி, கழற்றின எஞ்சினை விற்றுவிடாதே என்று சொல்லியிருக்கிறேன். வைக்க இடமில்லை என்கிறாளாம் அவன் மனைவி.