சனிக்கிழமை ராத்திரி முகூர்த்தம்

"தம்பி, சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு எவனாவது தாலி கட்டுவானா?"

கல்யாண மண்டப மானேஜர் போனில் இப்படிக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன் ஸார், திருட்டுக் கல்யாணமா?" என்று வேறு கேட்டுத் தொலைத்தேன்.

அவர் மண்டப புக்கிங்குக்கு வெப் அப்ளிகேஷன் எழுதிக் கொடுத்த புண்ணியவான் அடியேன்தான். ஞாயிறு அதிகாலை 4.30 முகூர்த்தத்தை யாரோ செல்போனில் பதிவு செய்திருக்கிறார்கள். சர்வர் அதைச் சனிக்கிழமை இரவு 11 என்று பட்டியலில் போட்டுவிட்டது. ஞாயிறு காலை காலி! அதை நம்பி இன்னொரு பார்ட்டி அட்வான்ஸோடு மானேஜர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

விஷயம் இதுதான். ஜாங்கோவில் புது ப்ராஜெக்ட் ஆரம்பித்தால், செட்டிங்ஸ் ஃபைலில் நேரம் 'யூ.டி.சி.' என்று தானாகவே வரும். நான் அதைத் தொடவில்லை. நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். ஆக, காலை 5.30-க்கு முன்னால் நடப்பதெல்லாம் அதன் கணக்கில் நேற்று! நான் டெஸ்ட் செய்ததெல்லாம் காலை பத்து மணி புக்கிங். ஆபீஸ்காரன் புத்தி!

சரி, அந்த வரியையே அழித்துவிட்டால்? சிகாகோ நேரம் வந்து நிற்கும்! ஜாங்கோ பிறந்தது அமெரிக்காவில், கான்ஸஸ் மாநிலத்து லாரன்ஸ் ஊரில், ஒரு செய்தித்தாள் ஆபீஸில். அந்த ஊர்க் கடிகாரமும் சிகாகோ கடிகாரமும் ஒன்று. அவர்களுக்கு அது சரி. நம்ம ஆவணி முகூர்த்தத்துக்கு?

நல்லவேளை, மானேஜர் தன் பழைய டயரியிலும் எழுதி வைத்திருந்தார். தப்பித்தோம்.

"பொண்ணோட அப்பா பத்திரிகை அடிச்சுட்டார்ப்பா. மண்டபம் இல்லேன்னா கம்ப்யூட்டரையா கேப்பார்? என் சட்டையைத்தான் பிடிப்பார்" என்றார். சுருக்கென்றது.

அன்று ராத்திரியே உட்கார்ந்து மாற்றினேன். டேட்டாபேஸுக்குள் யூ.டி.சி.யே இருக்கட்டும். தேதி பிரிப்பதும் ஆளுக்குக் காட்டுவதும் 'ஏஷியா/கொல்கத்தா' கணக்கில். முதல் டெஸ்ட், அதிகாலை 4.30 புக்கிங். ஞாயிற்றுக்கிழமையிலேயே சமர்த்தாக உட்கார்ந்தது.

அந்தக் கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். அலாரம் வைத்து எழுந்து போய் அட்சதை போட்டேன். பெண்ணின் அப்பாவுக்கு நான் யாரென்றே தெரியாது. "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றார்.

மானேஜர் இன்னும் டயரியிலும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். எழுதட்டும் ஸார். நான் தடுக்கப் போவதில்லை!