கொழு கொழு குழந்தை நலமான குழந்தையா?

குழந்தை கொழு கொழுவென்று பிறந்துவிட்டால் நம் வீடுகளில் கொண்டாட்டந்தான். மெலிந்த பிள்ளைகளையே கண்டு பழகிய ஏழைக் குடும்பங்களுக்குப் பருமன் செல்வத்தின் அடையாளம். ஆனால், அறிவியல் கூறுவது வேறு.

சென்ற ஆண்டு என் அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. எடை 4 கிலோ 200 கிராம். தலை வந்தபின் தோள் சிக்கிக்கொண்டதால் பிரசவ அறையே பதறிற்று. பிறந்ததும் செவிலியர் குழந்தையின் குதிகாலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்த்தார். "தங்கம் போன்ற பிள்ளையை ஏனம்மா குத்துகிறாய்?" என்று பாட்டி அழுதார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்தியே. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தனர். விடை தேடி நூலகம் சென்றேன்.

தாயின் குருதியிலுள்ள சர்க்கரை நஞ்சுக்கொடி வழியே சிசுவுக்குச் செல்லும். தாயின் இன்சுலின் செல்லாது. சர்க்கரை மிகுந்தால் சிசுவின் கணையமே இன்சுலினை மிகுதியாகச் சுரந்து கொழுப்பைச் சேர்க்கும். டென்மார்க் மருத்துவர் பெடர்சன் 1950-களில் தந்த விளக்கம் இது. தொப்புள்கொடி அறுந்ததும் சர்க்கரை வரத்து நிற்கும். இன்சுலின் உடனே குறையாது. ஆகவே சிசுவின் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். பாட்டி வெறுத்த ஊசி, பேரனைக் காக்க வந்த ஊசி! உடனே தாய்ப்பால் கொடுக்கச் செய்தார்கள், பிள்ளை தேறினான்.

அக்காவின் அட்டையில் மாதந்தோறும் எடையைக் குறித்தார்கள். 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 2 மணி நேரம் கழித்துச் சோதித்தார்கள். சர்க்கரை 140-க்குள் இருந்தது. "கவலை இல்லை, இரண்டு உயிருக்கும் சேர்த்துச் சாப்பிடு" என்று அனுப்பினார் மருத்துவர். ஏறிய எடையைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால், ஒன்பது நாடுகளில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வு, நீரிழிவு எனச் சொல்லும் எல்லைக்குக் கீழேயே சர்க்கரை ஏற ஏறச் சிசுவின் எடையும் ஏறுவதைக் காட்டியது. நீரிழிவு இல்லாவிடினும், தாயின் பருமன் தனியாகவே பெரிய குழந்தைக்கு வழிவகுக்கும்.

மெலிந்த தாய்மாருக்கு அஞ்சியே பழகிய மருத்துவக் கண்களுக்குப் பருத்த தாய் நலமாகத் தோன்றுவது வியப்பன்று. எனினும் எடைக்கருவி எண்ணை மட்டுமே காட்டும்; அதன் பொருளை மருத்துவரே சொல்ல வேண்டும். ஏளனமாக அன்று, பரிவோடு; கருவுறுமுன்பே சொன்னால் இன்னும் நன்று.

தோழர்களே, தோழியரே! நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். ஆய்வுக்கூடத்தில் கற்றதை அடுப்பங்கரை வரை கொண்டு செல்வோம். மருத்துவர் சொல்ல மறந்தால், நாமே கேட்போம்!

— இரண்டாமாண்டு பி.எஸ்சி., விலங்கியல்